ஓடாத கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன்: ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை எடுப்பதும் அழிப்பதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பா நடத்திவந்த டிடிபி, ஜெராக்ஸ் கடையை மூடியபோது, ஓடாத சிபியுக்கள், ஆன் ஆகாத லேப்டாப்கள், அட்டைப்பெட்டியில் போட்டு வைத்த ஹார்டு டிஸ்க்குகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. வேண்டியதை எடுத்து, மிச்சத்தை அழித்து, எல்லாவற்றையும் கழித்துக் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முக்கியமான விஷயம் இதுதான்: கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் போயிருப்பது எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரன்ட் தரும் பெட்டி) அல்லது மதர்போர்டு. டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதில் இருப்பதை உங்களால் எடுக்க முடியும் என்றால், அந்த சிபியுவை எடைக்கு வாங்கிப் போகிறவராலும் எடுக்க முடியும். அதனால் எடுப்பது, சரிபார்ப்பது, அழிப்பது, கழிப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் டிஸ்க்கைக் கழற்றுங்கள்

சர்வீஸுக்குக் கொடுப்பதோ விற்பதோ, எதுவானாலும் அதற்கு முன் டிஸ்க் உங்கள் கையில் இருக்க வேண்டும். "சிபியுவை அப்படியே விட்டுட்டுப் போங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்பார்கள். எஸ்எம்பிஎஸ் பார்க்க டிஸ்க் தேவையே இல்லை.

கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறந்தால் டிஸ்க் தெரியும். அதைப் பிடித்திருப்பது சாதாரண ஸ்க்ரூதான். லேப்டாப் என்றால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில், அடித்தகட்டைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். மெல்லிய, விலை குறைந்த சில லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகளிலும் டிஸ்க் என்று தனியாக எதுவும் இருக்காது. நினைவகச் சிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் போர்டை உயிர்ப்பித்தால்தான் டேட்டா வரும். நேராக 7-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

கழற்றிய கையோடு டிஸ்க்கின் லேபிளைப் போட்டோ எடுங்கள். மாடல் எண், சீரியல் எண், கொள்ளளவு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் எல்லாக் காகிதத்திலும் அந்த சீரியல் எண்தான் பேசப்போகிறது.

கழற்றுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை. நம் பக்கம் கடற்காற்று. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ரேம் தகட்டின் பொன்னிற விளிம்பு மங்கிப்போய், அதனாலேயே கம்ப்யூட்டர் பீப் அடித்துவிட்டு நின்றுவிடும். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். சில சிபியுக்கள் இதற்கே எழுந்துகொள்ளும். எழுந்தால் கேபிள் செலவு மிச்சம்.

2. டிஸ்க்கின் வகையைப் பார்த்து கேபிள் வாங்குங்கள்

கனெக்டரில் இரண்டு வரிசையாக 40 ஊசிகள் இருந்தால் அது பழைய ஐடிஇ. தட்டையான எல் வடிவப் பள்ளம் இரண்டு இருந்தால் சாட்டா. சூயிங்கம் பட்டை மாதிரி நீளமான சின்ன போர்டு என்றால் எம்.2. இதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் டிஸ்க்கை உள்ளே வைத்து யூஎஸ்பியில் மாட்டும் உறை வேறு வேறு. இரண்டையும் ஏற்கும் உறையாகக் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பின் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கு யூஎஸ்பி கேபிள் மட்டும் போதும், 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரும் சேர்ந்த செட் வேண்டும். ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் ஆகும் செட்டாக வாங்கினால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகலாம். பழைய ஐடிஇ டிஸ்க் கைவசம் இருந்தால் அந்த செட்டையே வாங்குங்கள்.

வாங்க நல்ல இடம் ரிச்சி தெரு. விம்கோ நகர் மெட்ரோ லைனில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

இரண்டு பொறிகள். ஒன்று, வீட்டில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை "முனை பொருந்துகிறதே" என்று டிஸ்க்குக்குக் குத்துவது. வோல்ட் அல்லது துருவம் மாறினால் டிஸ்க்கின் அடியில் உள்ள போர்டு அந்த நொடியே போய்விடும். இரண்டாவது, எடுத்த டேட்டாவை வைக்க பிளாட்பாரத்தில் மலிவாக விற்கும் "2 டிபி" பென்டிரைவ் வாங்குவது. உள்ளே 32 ஜிபி இருந்தாலே அதிகம். காப்பி ஆவதுபோலவே காட்டும், திறந்தால் ஃபைல் இருக்காது. பில் போட்டுத் தரும் கடையில் பெயருள்ள கம்பெனி டிஸ்க்காக வாங்குங்கள். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை முழுதாக எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

3. டிஸ்க் என்ன சத்தம் போடுகிறது?

கேபிளை மாட்டியதும் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். சீரான சுழற்சிச் சத்தம் என்றால் தொடரலாம். "டிக்… டிக்… டிக்" என்று ஒரே தாளத்தில் தட்டினால், உரசும் சத்தம் வந்தால், உடனே கரன்ட்டை எடுத்துவிடுங்கள். படிக்கும் முனை கெட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது டேட்டா பதிந்திருக்கும் தட்டைச் சுரண்ட வாய்ப்பு உண்டு. சுரண்டிய இடத்தில் இருந்ததை எந்தக் கடையாலும் மீட்க முடியாது. "இன்னொரு தடவை பார்ப்போமே" என்ற ஆசையால்தான் மீட்கக்கூடிய டிஸ்க்குகள் பாழாகின்றன.

இணையத்தில் உலவும் வைத்தியங்களையும் விட்டுவிடுங்கள். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை மாற்றி மாட்டுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்குமான அளவீடுகள் அதனதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பதோ கேட்கவே வேண்டாம்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்குத் தனிச் சட்டம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றபோது பலர் செய்த வேலை, சிபியுவை வெயிலில் காயவைத்து ஆன் செய்வது. செய்யாதீர்கள். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு பொடித்துளை உண்டு, அதன் வழியே சேற்றுநீர் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் அந்தச் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஹேர் டிரையரும் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம். ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி ரெக்கவரி கடைக்கு எடுத்துப் போங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை, சூடும் இல்லை, அதிர்வும் இல்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். வேறு அடாப்டர், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். ஐடிஇ என்றால் பின்பக்கம் ஊசிகளில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்ன மூடியை, லேபிளில் காட்டியிருக்கும் மாஸ்டர் நிலையில் வைத்துப் பாருங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி எப்போதுமே சத்தம் போடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. மாட்டியதும் விண்டோஸ் கேட்பதற்கெல்லாம் ஆமாம் போடாதீர்கள்

"ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டி வரலாம். கேன்சல். "பிழைகளைச் சரிசெய்யட்டுமா" என்று கேட்டால் அதற்கும் கேன்சல். அப்போது ஓடும் செக்டிஸ்க் என்பது டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் கருவி இல்லை. சீக்கான டிஸ்க்கில் அதை ஓட்டினால் பாதி ஃபைல்கள் துண்டு துண்டாகப் போய்விடும்.

ஃபார்மேட் கேட்கிறது என்பதற்காக டிஸ்க் கெட்டுவிட்டது என்றும் பொருளில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் நம் பகுதியில் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அவற்றில் விண்டோஸ் தவிர பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, அந்தப் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. கடையின் சிசிடிவி டிவிஆர் டிஸ்க்கும் அப்படித்தான், அதற்குத் தனி அமைப்பு. லினக்ஸ் பகுதிக்கு, உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

"அனுமதி இல்லை" என்று வந்தால் அது பழைய கம்ப்யூட்டரின் பயனர் பூட்டுதான், அட்மின் கணக்கில் நுழைந்து உரிமையை மாற்றிக்கொள்ளலாம். பிட்லாக்கர் (டிஸ்க் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி) என்று வந்தால் கதை வேறு. 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. அந்த லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தார்களோ, அதே கணக்கில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். புதிய லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். ஆகவே இப்போது ஓடும் லேப்டாப்பின் எண்ணையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். நிறம் நீலம் என்றால் நேராகக் காப்பி செய்யுங்கள். மஞ்சள், சிவப்பு என்றால் அடுத்த படி.

5. சீக்கான டிஸ்க் என்றால் முதலில் முழு நகல்

ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து தேடாதீர்கள். டிஸ்க்கை அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுத்து, அப்புறம் நகலில்தான் தேட வேண்டும். இதற்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற பென்டிரைவ் லினக்ஸில் சேர்ந்தே வரும். இது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு வரும். எதுவரை வந்தது என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிவைப்பதால், கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் குறிப்பு ஃபைலை வேறொரு பென்டிரைவில் வையுங்கள். எங்கிருந்து எங்கே என்பதைக் கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து இரண்டு முறை உறுதி செய்யுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

நேரக் கணக்கு: நல்ல 500 ஜிபி டிஸ்க் யூஎஸ்பி 3-இல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2 என்றால் நான்கைந்து மணி நேரம். சீக்கான டிஸ்க் நாள்கணக்கில் ஓடலாம். லேப்டாப்பின் ஸ்லீப் வசதியை அணைத்து, டிஸ்க் அடாப்டரை யுபிஎஸ்ஸில் செருகி, ஃபேன் காற்றில் வையுங்கள்.

அழித்துவிட்ட ஃபைல்களைத் தேட, நகலில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஃபோட்டோரெக் ஃபைல் பெயரைத் திருப்பித் தராது, ஆயிரக்கணக்கில் எண் போட்ட ஃபைல்களாகக் கொட்டும். எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலுக்கு அதிகம் ஆசைப்பட வேண்டாம். டிரிம் என்ற வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

6. எதை எடுக்க வேண்டும்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ. இவை யாருக்கும் தெரியும். மறந்துபோகிறவை வேறு.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் பல சமயம் டி டிரைவில் தனியாக இருக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி என்றால் கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கடையை மூடிவிட்டோம் என்று டிஸ்க்கை உடைத்துவிடாதீர்கள். அவுட்லுக் வைத்திருந்தால் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள்.

தமிழில் டைப் செய்தவர்கள் கவனிக்க வேண்டியது ஃபான்ட். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரியான எழுத்துருக்களில் அடித்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து கொட்டும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் அழித்தே விடுகிறார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வைத்தால் எல்லாம் திரும்ப வாசிக்கக் கிடைக்கும். சித்தப்பா கடையில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத் தீர்மானம் என்று இருந்ததெல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இல்லாவிட்டால் அத்தனையும் குப்பைதான்.

எடுத்தபின் ஃபைல் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். போட்டோவைத் திறங்கள், டேலியில் கம்பெனியை லோட் செய்யுங்கள், பிடிஎஃப்பின் கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பாருங்கள். இரண்டு இடத்தில் நகல் வைத்த பிறகுதான் பழைய டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

7. ரெக்கவரி கடைக்குக் கொடுக்க வேண்டி வந்தால்

ஒரு கடையில் "டிஸ்க்கு போச்சு, ஒண்ணும் வராது" என்று சொன்ன டிஸ்க்கில் வெறும் போர்டுதான் போயிருந்தது, இன்னொரு கடையில் டேட்டா முழுதாக வந்தது. ஆகவே முதல் பதிலை நம்பிவிடாதீர்கள். ஆனால் முதல் கடைக்காரர் டிஸ்க்கைத் திறந்துவிட்டால் இரண்டாவது கடைக்குப் போய்ப் பயனில்லை. "எழுதிக் கேட்காமல் திறக்கக் கூடாது" என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண், பார்த்துச் சொல்லும் கட்டணம், டேட்டா வராவிட்டால் எவ்வளவு, பாகம் எடுத்து மாற்றுவதற்காக இன்னொரு டிஸ்க் வாங்கினால் அது யார் செலவு, எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் அடையாள அட்டை நகல், வாங்கிய பில் இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். இறந்தவரின் லேப்டாப் என்றால் உறவைக் காட்டும் காகிதம் கேட்கும் கடைகளும் உண்டு, அது நல்ல கடை என்பதற்கு அடையாளம். எந்த ஃபோல்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மீதிப் பணம் தரும் முன் ஃபைல் பட்டியல் கேளுங்கள், நாலைந்து ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நான் கேட்டுவந்த விலை: டிஸ்க் ஓடுகிறது, ஃபைல் அமைப்பு மட்டும் கெட்டிருக்கிறது என்றால் இரண்டாயிரம் முதல் ஆறாயிரம்வரை. முனை மாற்ற வேண்டும் என்றால் பத்தாயிரத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை, முப்பதாயிரம்வரை போகிறது. அதற்குப் பொருந்தும் டிஸ்க் தேடவே வாரக்கணக்காகும். அவ்வளவு பெறுமா என்று வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

வாரன்டியில் இருக்கும் டிஸ்க் என்றால் இன்னொரு கணக்கு. கம்பெனி புது டிஸ்க் தரும், பழையது உள்ளே இருப்பதோடு அவர்களிடமே போய்விடும்.

8. ஓடும் டிஸ்க்கை அழிப்பது

டெலிட் செய்வதும் குயிக் ஃபார்மேட்டும் அழிப்பு ஆகாது. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவாரா? பெயர்தான் போகும், ஃபைல் அங்கேயேதான் இருக்கும்.

ஹார்டு டிஸ்க்குக்கு எளிய வழி, விண்டோஸில் ஃபார்மேட் பெட்டியைத் திறந்து "குயிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்வது. விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ்கள் எல்லாம் இப்படிச் செய்தால் முழுவதும் பூஜ்யம் எழுதுகின்றன. ஆனால் அந்த ஒரு பார்ட்டிஷனுக்குத்தான் (டிஸ்க்கின் ஒரு பகுதிக்குத்தான்). சி, டி, ஒளிந்திருக்கும் ரெக்கவரி பகுதி எல்லாம் சேர்த்துத் துடைக்க, ஷ்ரெட்ஓஎஸ் என்ற பென்டிரைவ் கருவி நல்லது. துடைக்கும் முன் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். ஒருமுறை எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் இன்றைய டிஸ்க்குக்குத் தேவையில்லாத கரன்ட் பில்.

எஸ்எஸ்டிக்கு இந்த வழி முழுப் பலன் தராது. கண்ணுக்குத் தெரியாத உபரி இடத்தில் பழைய டேட்டா தங்கும். தயாரித்த கம்பெனியின் இலவச மென்பொருளிலோ பயாஸிலோ (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) இருக்கும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

9. ஓடாத டிஸ்க்கை உடைப்பது

ஓடாத டிஸ்க்கை மென்பொருளால் அழிக்க முடியாது. ஆனால் வசதியுள்ளவர் நினைத்தால் அதைப் படிக்க முடியும். ஆகவே உடைக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கைத் திறக்க நட்சத்திர முனை டி8 ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், ஒரு ஸ்க்ரூ லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பொறுமை இல்லையென்றால் டிரில்லிங் மெஷினில் தட்டுகளை ஊடுருவும்படி நாலைந்து ஓட்டை போடுங்கள். பட்டறை வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், சொன்னால் போட்டுத் தருவார், நீங்கள் கூடவே நில்லுங்கள். கண்ணாடி அணிவது கட்டாயம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சாக்குக்குள் போட்டு உடையுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் விரலை நசுக்கும் அளவு வலுவானது, பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டியிலும் பென்டிரைவிலும் ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் தூளாக வேண்டும். போர்டு இரண்டாக உடைந்தால் போதாது. ஸ்பீக்கர் காந்தத்தைத் தேய்ப்பது எதற்கும் உதவாது. எரிப்பதும் கூடாது. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையை நம் பகுதி போதுமான அளவு சுவாசித்துவிட்டது.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் படியில் சலுகை காட்டாதீர்கள். ஸ்கேன் ஃபோல்டரில் வாடிக்கையாளர்களின் ஆதார், பான், பத்திரம், பாஸ்புக் எல்லாம் வருஷக்கணக்கில் கிடக்கும். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் சிலவற்றுக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் உண்டு. மெஷினை விற்கும்போது அதையும் மெக்கானிக்கை விட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

10. கழிப்பது

டிஸ்க் இல்லாத சிபியு என்றால் காயலான் கடையில் விலையைக் குறைப்பார்கள். "டிஸ்க்கு இருந்தா நூறு ரூபா சேர்த்துத் தரேண்ணே" என்பார். அந்த நூறு ரூபாய் வேண்டாம்.

இன்னும் நல்லது, மின்னணுக் கழிவை எடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் தருவது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி இவர்களுக்குப் பதிவு வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. ஒரு சிபியுவுக்காக வண்டி வராது. தெருவிலோ அபார்ட்மென்ட்டிலோ நாலு வீட்டுச் சாமானைச் சேர்த்து வைத்துக் கூப்பிட்டால் வருவார்கள்.

கடை, அலுவலகம் என்றால் டிஸ்க் அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதில் "கம்ப்யூட்டர் கழிவு, இத்தனை கிலோ" என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். முதல் படியில் போட்டோ எடுத்த சீரியல் எண்கள் ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளை அந்த வருடக் கணக்கு ஃபைலோடு சேர்த்து வையுங்கள், ஆடிட்டர் கேட்பார்.

லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடவோ குத்தவோ கூடாது. மற்றவற்றோடு சாக்கில் போடாமல், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக் கொடுங்கள். எடுக்க வருகிறவரிடமும் "இது உப்பின பேட்டரி" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.